கண்ணாடியின் மேல்சட்டம்

கத்திரியின் வலது கை சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் காலெடுத்து வைக்க, மற்ற விரல்கள் பின்னால் இழுபட்டு வர, வயதான எட்டுக்கால் பூச்சி ஒன்று மூச்சு வாங்க மாடிப்படி ஏறுவது போல இருந்தது. தோள் உயரம் வரைக்கும் பூச்சி ஒழுங்காகத்தான் போனது. அதற்கு மேல், அக்குளுக்குள் யாரோ ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பிலிருந்து இழுப்பது போல் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓரடி வைத்தாள். நெற்றியில் வேர்த்தது. பூச்சி அங்கேயே நின்று நடுங்கியது.

"போதும் அண்ணி. நேத்தைக்கு மேலயே வந்துடுச்சு," என்றாள் நாத்தனார்.

வரவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். நாத்தனாரின் கண் ஏற்கெனவே கலங்கிவிட்டது.

"நீ கையப் பாக்க வந்தியா, அழ வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகை வெளியே கேட்கக் கூடாது என்று அவள் கண்டுபிடித்த வழி அது. குழாய்ச் சத்தம் கேட்டாலே அழுகிறாள் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்துபோய் ரொம்ப நாளாகிறது. தண்ணீர் வீணானதுதான் மிச்சம்.

கத்திரி என்ற பெயரை யார் வைத்தது என்பதில் தெருவில் இன்னும் தகராறு உண்டு. முடி வெட்டுகிற தொழிலால் வந்த பெயர் என்பாள் அவள். அடுத்தவர் பேச்சை நடுவில் வெட்டுவதால் வந்தது என்பார்கள் மற்றவர்கள். வீட்டின் முன்னறைதான் கடை. மிதித்தால் ஏறி இறங்குகிற சுழல் நாற்காலி ஒன்று, சீப்பும் கிளிப்பும் கிடக்கிற மேஜை ஒன்று, அதற்கு மேலே மரச்சட்டம் போட்ட பெரிய கண்ணாடி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் முடியை மட்டும் விட்டுவிட்டு எழுந்து போனதில்லை. யார் வீட்டில் யாரோடு யார் பேச்சு நிறுத்தியிருக்கிறார்கள், எந்த மாப்பிள்ளை வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கே கொட்டும்; கூட்டி அள்ளி, அடுத்து வருகிறவருக்குச் சூடாகக் கொடுப்பாள். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவதைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்பது அவள் தொழிலில் கற்ற பாடம். பின்னால் நின்று, கண்ணாடிக்குள் அவர்கள் கண்ணைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோலைக் கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம்?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குக் கரையாத குடும்ப ரகசியம் தெருவில் இல்லை.

முதல் தடவை மார்பில் கட்டி வந்தபோது தெருவே திரண்டு வந்தது. பழக்கூடைகள் வந்தன. "எங்க சித்திக்கும் இதே மாதிரிதான் வந்துச்சு, இப்ப ஜம்முனு இருக்காங்க" என்று ஆளுக்கு ஒரு சித்தியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவுக்கு இத்தனை சித்திகள் இருப்பது கத்திரிக்கே அப்போதுதான் தெரியும். கட்டியை மட்டும் எடுத்தார்கள். மருந்து ஏற்றியதில் முடி கொட்டியது. முடி வெட்டுகிறவளுக்கே முடி இல்லை என்று அவளே முதலில் ஜோக் அடித்து, மற்றவர்கள் அடிக்க இடமில்லாமல் செய்தாள். பிறகு முடி முளைத்தது. எல்லோரும் அவரவர் வீட்டுச் சண்டைக்குத் திரும்பினார்கள்.

சில வருஷம் கழித்து அதே பக்கம், பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே, மறுபடியும் வந்தது. இந்தத் தடவை மார்பை முழுசாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் கொத்தாக வழித்து எடுத்தார்கள். விலாப்பக்கம் ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு பாட்டிலுமாக வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் தடவைக்கு என்ன சொல்வதென்று தெருவுக்குத் தெரியவில்லை. சித்திகள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. பழம் வந்தது, கொண்டுவந்தவர்கள் வாசலோடு நின்று, நாத்தனாரிடம் கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இவள் இருமினால் சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தம் எதைப் பற்றியது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை வருஷம் அந்த மாதிரி நிறுத்தங்களை உண்டாக்கி வந்தவளே அவள்தான். செய்தி சொல்கிறவள் செய்தியாகிப் போனால் உட்கார நாற்காலி இருக்காது போல என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் ஒரு காரியம் செய்திருந்தாள். முடி வெட்டும்போது வருகிறவர் கழுத்தில் கட்டுகிற கறுப்புத் துணியை எடுத்துக் கண்ணாடிமேல் போர்த்தி, மேல்சட்டத்தில் இரண்டு கிளிப் போட்டாள். எக்கக்கூட இல்லை. நாத்தனாரோடு பேசிக்கொண்டே, கையைத் தூக்கி, சட்சட்டென்று போட்டாள். தூசி படியாமல் இருக்க என்றுதான் அப்போது சொன்னாள். திரும்பி வந்த பிறகு நாத்தனார் ஒருநாள் துடைப்பதற்காக அந்தத் துணியை எடுக்கப் போனபோது, படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"தொடாத!"

"தூசி, அண்ணி."

"இருக்கட்டும். நான் போட்டது, நானே எடுக்கிறேன். இதே கையால. எடுக்கிற அன்னிக்குத்தான் கடை."

தன்னைப் பார்த்துக்கொள்ளவும் அவளுக்குத் தைரியம் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. குளியலறைக் கதவை இப்போதெல்லாம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் கட்டு மாற்றினாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவள்தான் எதையும் அதோடு விடுகிறவள் இல்லையே. அடுத்த தெருவில் ஒரு பெண் புதுசாகக் கடை போட்டிருந்தாள். ஆள் நல்ல பெண். அதுதான் கத்திரிக்கு எரிச்சல். அந்தப் பெண் பார்க்க வந்தவள், கிளம்பும்போது நாற்காலியைத் தடவியபடி, "அக்கா, இது சும்மா கிடக்குன்னா எனக்குக் குடுங்களேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கரண்ட் வெச்சு முடிச்சு வர்றேன். அப்பவும் கை அந்தச் சட்டத்தை எட்டலைன்னா, வந்து தூக்கிட்டுப் போ," என்றாள் கத்திரி, பெரிய மனுஷி மாதிரி. சொல்லும்போது எதிர்வீட்டு கேட் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையும் மாலையும் தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வந்த பெயர் அது. அவள் காதில் விழுந்த எதையும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கை எட்டினால் கத்திரிக்கு நாற்காலி, எட்டாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு.

அதனால்தான் தினமும் காலையில் இந்த எட்டுக்கால் பூச்சி. பயிற்சி சொல்லிக்கொடுத்த ஆஸ்பத்திரிப் பெண் கூடவே ஆயிரம் எச்சரிக்கையும் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது. அந்தக் கையில் ஊசி போடக் கூடாது. சின்ன வெட்டுக்காயம்கூடப் படக் கூடாது, பட்டால் கை வீங்கும், வீங்கினால் அதற்கென்று இறுக்கமான உறை போட வேண்டும். "உங்களுக்கு என்ன வேலை?" என்று கடைசியில் கேட்டாள். கத்தரிக்கோல் பிடிக்கிற வேலை என்றதும் கொஞ்சநேரம் பேசவில்லை. கண்ணாடியில் அகப்படாத நிறுத்தத்தையும் கத்திரி படிப்பாள்.

கணவர் பெயிண்டர். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற, வண்ணமடிக்கிற வேலை. வாயைத் திறந்து அவர் பேசியதைவிட பெயிண்ட் டப்பாவைத் திறந்ததுதான் அதிகம் என்று கத்திரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எந்தச் சுவரைக் கண்டாலும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிற மனுஷன். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே பழைய ஓட்டை அடைத்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். அறுவை முடிந்து வந்ததிலிருந்து அந்தக் கை அவள் பக்கம் வரவில்லை. இடித்துவிடுமோ என்று கட்டிலின் விளிம்பில், விழுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு படுத்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் டீ டம்ளரோடு வந்து கதவோரம் நின்று பயிற்சியைப் பார்ப்பார். அவளை அல்ல, சுவரை. துணி போர்த்திய கண்ணாடியின் மேல்சட்டத்தையும், அதற்கு வெகு கீழே நடுங்குகிற விரல்களையும் மாறி மாறிப் பார்ப்பார். டீயைக் குடித்துவிட்டு, "வரேன்" என்று போய்விடுவார்.

"பாத்தியா, கல்லு மாதிரி போறாரு உங்கண்ணன்," என்பாள் கத்திரி.

"உள்ள அழுவாரு, அண்ணி."

"உங்க குடும்பத்துல ஒருத்தராவது வெளிய அழாம இருந்தா சரி."

கரண்ட் வைக்கிற, அதாவது கதிர்வீச்சு கொடுக்கிற, ஆஸ்பத்திரி வேறு ஊரில். கத்திரியும் நாத்தனாரும் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குளிர்ந்த மேஜையில் அந்தக் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொன்னார்கள். படுத்தபடி தூக்கினால் எப்படியோ வந்தது, வலியில் உயிர் போனாலும். நின்றால் வரவில்லை. தோல் கறுத்தது. உள்ளே இருந்த கயிறு, வெயிலில் காயப்போட்டது போல முறுக்கேறியது. பக்கத்து மேஜைக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி, "உங்களுக்கு எத்தனாவது தடவை?" என்று, பஸ்ஸில் எங்கே இறங்கணும் என்று கேட்பது போலக் கேட்டாள். கத்திரிக்குச் சிரிப்பு வந்தது. அறைக்குத் திரும்பிய பிறகுதான் அழுகை வந்தது. அன்றைக்கு அவள் குழாயைத் திறந்தாள். நாத்தனார் வெளியே, ஒன்றும் தெரியாதவள் போல, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து முன்னறையில் காலை வைத்ததும் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. பழைய மஞ்சள் போய்ச் சுவரெல்லாம் வெளிர் நீலமாக இருந்தது. கறுப்புத் துணி போர்த்தியபடியே கண்ணாடி இருந்தது.

"யாரைக் கேட்டு நீலம் அடிச்சீங்க?"

"மிச்சம் இருந்துச்சு," என்றார் பெயிண்டர்.

"துணிய எடுத்தீங்களா?"

"துணியோடதான் இறக்கினேன். துணியோடதான் மாட்டினேன்."

அவள் நடு அறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். "ரூமே கொஞ்சம் உசந்துட்ட மாதிரி இருக்கே."

"நீலம் அப்படித்தான் காட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை பூச்சி ஏறியது. தோள் உயரம் வந்தது. கயிறு இழுத்தது. அவள் பல்லைக் கடித்தாள். ஓரடி, இன்னும் ஓரடி. வழக்கமாக நின்று நடுங்குகிற இடத்தில், விரல்நுனியில் துணி பட்டது. துணிக்கு அடியில் மரம். அவள் கண்ணை மூடித் திறந்தாள். விரல் சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏய்! இங்க வாடி! வந்து பாரு!"

நாத்தனார் ஓடி வந்து பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் அழுதாள். பெயிண்டர் கதவோரம் டம்ளரோடு நின்றார். "கரண்ட் வெச்சதுல தளர்ந்திருக்கும்," என்றார். கரண்ட் வைத்தால் இறுகும் என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது கத்திரிக்கு நன்றாக நினைவிருந்தது. வலியும் அதே வலி, கயிறும் அதே கயிறு. விரல் மட்டும் மேலே இருந்தது. சந்தோஷம் வந்து வாசலில் நிற்கும்போது எந்த வழியாக வந்தாய் என்று யார் கேட்கிறார்கள்? தெருவில் யார் பொய் சொன்னாலும் நாலு வீடு தள்ளி மோப்பம் பிடிக்கிறவள் அன்றைக்கு ஒன்றையும் மோப்பம் பிடிக்கவில்லை. பெயிண்ட் வாசனை அப்படி.

துணியை அன்றைக்கே எடுக்கவில்லை. எடுத்தால் பார்க்க ஆள் வேண்டாமா? வாசலுக்குப் போய், "அக்கா, நாளைக்குக் கடை திறக்கிறேன்" என்று கேட் அக்காவிடம் ஒரு வார்த்தை போட்டாள். அது போதும்.

காலையில் கேட் அக்கா முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போதும் காதோடு ஒட்ட வெட்டிக்கொள்கிறவள். இப்போது முடி தோளில் புரண்டது.

"அந்தப் பொண்ணுகிட்ட போயிருக்கலாமே அக்கா? பூதம் மாதிரி இருக்கீங்க."

"போவேன் போவேன். அவகிட்ட என்ன விஷயம் இருக்கு? நான் வாயைத் திறந்தா அவ பாட்டுக் கேக்கறா. யார் கையும் படக் கூடாதுன்னு வளத்து வெச்சிருக்கேன், பாத்து வெட்டு."

கத்திரி நாற்காலிக்குப் பக்கவாட்டில் போய்க் கையைத் தூக்கினாள். முதல் கிளிப். இரண்டாவது கிளிப்புக்குக் கொஞ்சம் தவித்தது. அதுவும் கழன்றது. கறுப்புத் துணி சரிந்து மேஜைமேல் விழுந்து, சீப்பு டப்பாவைக் கவிழ்த்தது. நாத்தனார் கை தட்டினாள். கத்திரி துணியை உதறி, கேட் அக்காவின் கழுத்தில் கட்டிவிட்டு, நாற்காலிக்குப் பின்னால், இத்தனை வருஷம் நின்ற அதே இடத்தில் வந்து நின்று நிமிர்ந்தாள்.

கண்ணாடியில் அவளுடைய தலை இல்லை.

கீழே கேட் அக்காவின் முகம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சட்டை. ஒரு பக்கம் நிறைந்தும், ஒரு பக்கம் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியும். அதற்கு மேலே கழுத்து, தாடை, பாதி வாய். அதோடு சட்டம் வந்துவிட்டது. அதற்கு மேல் புது நீலம். இந்தக் கண்ணாடியில் அவள் தன் முகத்தை மட்டுமல்ல, பின்சுவரின் மின்விசிறியைக்கூடப் பார்த்திருக்கிறாள். பெயிண்டர் இந்தக் கண்ணாடியை எத்தனையோ தடவை கழற்றி மாட்டியிருக்கிறார். அதன் கனம் தெரியும், ஆணி தெரியும், சட்டம் தெரியும். அதற்கு முன்னால் ஒருத்தி நின்றால் என்ன தெரியும் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அவள் எதைப் பார்க்க மாட்டேன் என்று மூடி வைத்தாளோ அதைச் சரியாக நடுவில் கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

அவளுக்குத்தான் தன் முகம் தெரியவில்லை. தாழ உட்கார்ந்திருந்த கேட் அக்காவுக்கு அது முழுசாகத் தெரிந்தது.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. கண்ணாடி பாத்து ரொம்ப நாளாச்சு, அதான்."

கதவோரம் டீ டம்ளர் ஒன்று வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. நாற்காலியின் மிதியை அழுத்தினாள். பெருமூச்சு விட்டபடி நாற்காலி தாழ்ந்தது. தாழ முடிந்த மட்டும் தாழ்ந்தது. சீப்பை எடுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். விரல்களுக்கு வேலை மறக்கவில்லை. கத்தரிக்கோல் பழைய சத்தத்தோடு பேசத் தொடங்கியது. தோளில் புரண்ட முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. வலப்பக்கம் காது வெளியே தெரிகிற வரைக்கும் கை தாங்கியது. அதன் பிறகு முழங்கை தானாகக் கீழே வந்தது. தூக்கினாள். வந்தது, நடுங்கியது, இறங்கியது. மறுபடி தூக்கும்போது கத்தரிக்கோலின் முனை கேட் அக்காவின் காதுக்கு வெகு பக்கத்தில் ஆடியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

கேட் அக்கா அசையவில்லை. கண்ணாடிக்குள் அவளுடைய கண்ணைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அப்புறம்?"

கத்திரி சீப்பை மேஜைமேல் வைத்தாள். இந்த வார்த்தைக்கு இத்தனை பேர் எப்படிக் கரைந்தார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது.

"எட்டலக்கா," என்றாள்.

கேட் அக்காவின் பார்வை மேல்சட்டத்துக்குப் போனது. அதற்கு மேலிருந்த நீலத்துக்குப் போனது. கதவோரம் நின்ற பெயிண்டரிடம் போய், அங்கே கொஞ்சநேரம் நின்றது. தெருவிலேயே பெரிய மூளை அது. எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்துத் துணியை அவளே அவிழ்த்து, உதறி, மடித்து வைத்தாள்.

"இன்னிக்கு இது போதும். மீதிய நாளைக்கு வெட்டு."

"பாதித் தலையோட எப்படிக்கா போவீங்க?"

"ஏன், பாதி இருக்கிறவ தெருவுல நடக்கக் கூடாதா?" என்று வழக்கமான வேகத்தில் சொல்லிவிட்டாள். சொன்னது என்னவென்று இரண்டு பேர் காதிலும் பிறகுதான் விழுந்தது. கேட் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கத்திரியின் கையைத் தொடப் போய், எந்தக் கை என்று யோசித்து, இடது கையைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே போனாள். சமையலறையில் குழாய் திறந்துகொண்டது.

பெயிண்டர் சுத்தியலோடு வந்து நின்றார். அவள் கண்ணாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"பழைய ஆணி எங்க இருந்துச்சு?"

அவர் கையை உயர்த்தி, சுவரைத் தடவி, ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்தார். அடைத்த தடமே தெரியாத அளவுக்கு நேர்த்தியான வேலை. எவ்வளவு உயரம் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தினம் நீ படற பாட்டைப் பாத்துட்டு..." என்றார். பிறகு, "எனக்குத் தெரிஞ்சது சுவர் வேலைதானே," என்றார். கை சுவரிலேயே இருந்தது. "ஏத்தி மாட்டிடவா?"

ஏற்றி மாட்டினால் கை எட்டாது. எட்டாவிட்டால் நாற்காலி அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். தெருவறியச் சொன்ன பேச்சு. அவள் நாற்காலியின் முதுகில் வலது கையை வைத்து இளைப்பாற்றினாள். காலடியில் ஒரு பக்கத்து முடி மட்டும் குவிந்து கிடந்தது.

"நாளைக்கு அந்தப் பாதி இருக்கு," என்றாள். "அது முடியட்டும்."

ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியும், மறுபக்கம் தோளில் புரண்டுகொண்டும் இருந்தது முடி. சைக்கிளில் போன ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவள் தலையை மூடிக்கொள்ளவில்லை, உள்ளேயும் போகவில்லை. வெட்டிய பக்கம் தெருவுக்கு நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டாள்.